அம்மைப்பால் வந்த வழி

ஆண்டு விழா நாளன்று நம் சங்கத்து மேடையில் நாற்பது குழந்தைகள் வரிசையாய் நின்று தமிழ் வாழ்த்துப் பாடுவதைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் மகிழ்ச்சியோடு ஒரு கணக்கையும் போடத் தொடங்கிவிடுகிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஐந்து வயது நிறையுமுன் இறந்துபோயிற்று. அக்கணக்குப்படி பார்த்தால் இந்த நாற்பதில் பத்துக் குழந்தைகள் மேடைக்கு வந்திரா. இன்றோ நூற்றுக்கு மூன்று என்னும் அளவில் அவ்விழப்புக் குறைந்துள்ளது. நல்ல குடிநீர், நல்லுணவு, மருந்து, மகளிர் கல்வி எனப் பல நன்மைகள் கூடி இம்மாற்றத்தைச் செய்தன. அவற்றுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது தடுப்பூசி.

என் அன்னையார் பெற்ற மக்கள் எழுவர், வளர்ந்தவர் நால்வர். ஒருவரை வைசூரி கொண்டது. ஒருவரைத் தொண்டை அடைப்பான் கொண்டது. ஒருவர் பிறந்த எட்டாம் நாளிலேயே இரண ஜன்னியால் மறைந்தார். அக்குழந்தைக்குப் பெயரிடும் நாள்கூட வரவில்லை. அந்நாளில் எந்த வீட்டிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. ஆதலின் எவரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. என் அன்னையாரும் பேசியதில்லை. ஆனால், எத்தனை குழந்தைகள் என்று எவரேனும் கேட்டால், நால்வர் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. எழுவர் என்றே சொல்வார்.

இன்று நம் குடியிருப்பிலுள்ள இளந்தாய்மார் இந்நோய்களைக் கண்ணால் கண்டதில்லை. காணாத நோய்க்கு ஊசி எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். அவ்வினா அறியாமையால் எழுவதன்று. அடைந்த வெற்றியால் எழுவது. அதற்கு விடை கூற வேண்டுமாயின், ஊசி நம் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

முன்னோர் அறிந்தது

வைசூரிக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் அம்மை. கொல்லும் நோயைத் தாயின் பெயரால் அழைத்தார்கள். நோய் கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவர். அயலார் உள்ளே வாரார். வீட்டார் பிறர் வீடு செல்லார். தாளிப்பும் பொரிப்பும் நிற்கும். நாம் வந்து குடியேறிய இவ்வடபுலத்திலும் இந்நோய்க்கு ஒரு தாய் உண்டு. அவள் பெயர் சீதளா, அதாவது குளிர்ச்சி பொருந்தியவள். மொழி வேறாயினும் அச்சமும் பணிவும் ஒன்றாகவே இருந்தன. வேப்பிலை கண்ட வீட்டினுள் அயலார் நுழையாமை என்னும் வழக்கத்தில் நோய் பரவாது காக்கும் அறிவும் இருந்தது என்பதை நாம் மறுத்தல் ஆகாது.

மற்றோர் உண்மையையும் மக்கள் பண்டே அறிந்திருந்தனர். ஒருமுறை வைசூரி கண்டு பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவதில்லை. இவ்வுண்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டு வங்காளத்தில் டீகாதார் எனப்பட்டோர் ஊர் ஊராகச் சென்று, நோயுற்றவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளைச் சிறிதளவு பிறர் தோலில் கீறி ஏற்றினர். ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767-ல் இம்முறையை விரிவாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். இவ்வாறு ஏற்றிக்கொண்டவர் பெரும்பாலும் இலேசாக நோயுற்றுப் பிழைத்தனர். எனினும் அவர்களுக்கு வந்தது மெய்யான வைசூரியே. சிலர் இறந்தனர், அவர்களிடமிருந்து அயலாருக்கும் நோய் பரவியது. காப்பும் கேடும் ஒரே முள்ளின் நுனியில் இருந்தன.

கையிலிருந்து கைக்கு

இந்தக் கேட்டை நீக்கும் வழியை இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயர் நாட்டுப்புற மருத்துவரான எட்வர்டு ஜென்னர் கண்டார். பசுவின் மடியில் தோன்றும் ஒருவகைக் கொப்புளம் பால் கறப்பவர் கைக்குத் தொற்றும்; அவ்வாறு தொற்றியவரை வைசூரி அணுகாது என்பது அவ்வூரார் பேச்சு. ஜென்னர் அப்பேச்சைச் சோதித்துப் பார்த்தார். 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஏற்றினார். பின்னர் அச்சிறுவனுக்கு வைசூரிப் பொருளையே ஏற்றியும் நோய் தோன்றவில்லை. 1798-ல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். இந்தப் பசுக்கொப்புளத்தின் நீரையே நம்மவர் அம்மைப்பால் என்றனர்.

கண்டது அரிது, கொண்டுவந்தது அதனினும் அரிது. அந்நாளில் பனிப்பெட்டி இல்லை. நூலிலும் கண்ணாடியிலும் உலர்த்தி அனுப்பிய அம்மைப்பால், நீண்ட கடல்வழியின் வெப்பத்தில் தன் ஆற்றலை இழந்தது. ஆகவே, அது கெடாமல் இருக்கத்தக்க ஒரே கலம் மனித உடலே என்றாயிற்று. ஒரு குழந்தையின் கையில் ஏற்றினால், ஏறத்தாழ எட்டாம் நாள் அங்கே கொப்புளம் முதிரும், அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு ஏற்ற வேண்டும், அவ்வாறே அடுத்ததற்கு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் வீண்.

அவ்வாறு வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் பாக்தாது வந்து, அங்கிருந்து பாஸ்ரா துறைமுகத்தை அடைந்து, கப்பலேறிப் பம்பாய் வந்து சேர்ந்தது அம்மைப்பால். 1802 சூன் 14 அன்று பம்பாயில் ஆன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு அதை ஏற்றினர். இந்திய மண்ணில் அம்மை குத்துதல் பயன் தந்த முதல் குழந்தை அவளே. அவள் கையிலிருந்து பம்பாயில் மேலும் ஐந்து குழந்தைகளுக்கு ஏற்றினர். அந்தச் சங்கிலி பூனாவுக்கும் சூரத்துக்கும் ஐதராபாத்துக்கும் இலங்கைக்கும் சென்னைக்கும் நீண்டது. முதன்முதலில் அம்மை குத்திக்கொண்ட நம் முன்னோர் எவராயினும், அவர் தம் காப்பை முகமறியாத ஒரு குழந்தையின் கையிலிருந்தே பெற்றார்.

அக்குழந்தைகள் யாவர்? பெரும்பாலோர் ஏழைகளின் மக்கள். கொப்புளம் முதிரும் நாளில் அவர்களை ஊர் ஊராக அழைத்துச் சென்று, நோகக் கீறி, நீரெடுத்தனர். பெற்றோர் மனம் பொறாது மறைத்ததும் உண்டு, எதிர்த்ததும் உண்டு. தாழ்த்தப்பட்டோர் வீட்டுக் குழந்தையின் உடல்நீர் தம் மகன் உடலில் ஏறுவதோ என்று உயர்குலத்தார் எனப்பட்டோர் மறுத்ததும் உண்டு. வேறு நோய்கள் இவ்வழியே தொற்றும் என்னும் அச்சமும் இருந்தது. அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. இத்தனை தடைகளினூடே, குலம் பாராது, மதம் பாராது, மொழி பாராது ஒரு கையிலிருந்து மறு கைக்கு அந்நீர் நடந்தது. மேடையில் நாம் பேசும் ஒருமைப்பாட்டை அக்குழந்தைகளின் தோல் மெய்ப்பித்துக் காட்டிற்று எனலாம்.

எல்லிஸ் கண்ட உத்தி

சென்னையில் மக்களின் தயக்கத்தைத் தமிழ் மொழியைக் கொண்டே நீக்க முயன்றவர் ஒருவர் உண்டு. அவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1810 முதல் சென்னையில் கலெக்டராக இருந்தவர்; தென்மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே எடுத்துக்காட்டியவர்; வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசோடு சேர்த்து நாம் நன்றியுடன் நினைப்பவர். அம்மைப்பாலின் சிறப்பை விளக்க அவர் சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாகத் தமிழில் ஒன்றை எழுதினார். பசு தரும் நலன்களின் வரிசையில் இதனையும் சேர்த்து ஏற்கச் செய்வதே அதன் நோக்கம்.

பழைய கதையின் உருவில் புதியதொரு செய்தியைச் சொல்வது நேர்மையா என்று ஆராய்ச்சியாளர் வினவலாம்; வினவுவதும் முறையே. ஆயினும் ஒன்று தெளிவு. ஆணையிட்டால் மட்டும் மக்கள் கை நீட்டார். அவர்கள் மொழியில், அவர்கள் நெஞ்சறிந்த முறையில் எடுத்துரைத்தல் வேண்டும் என்பதை எல்லிஸ் உணர்ந்திருந்தார். ஆணைகளும் பின்னால் வந்தன. 1880-ல் இயற்றப்பட்ட சட்டம் நகரங்களில் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்க வழிசெய்தது. அம்மை குத்துபவர் தெருவில் வருகிறார் என்றதும் குழந்தைகளை நெற்குதிருக்குள் ஒளித்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். சட்டத்துக்கு வீட்டு வாயில்வரையே அதிகாரம். அதற்கு அப்பால் நம்பிக்கையே நுழைய முடியும்.

கிண்டியின் தொண்டு

குழந்தையிலிருந்து குழந்தைக்கு என்னும் முறை மாறி, கன்றின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. சென்னை கிண்டியில் 1899-ல் அதற்கென ஒரு நிலையம் தோன்றியது. 1905-ல் முறையாகத் திறக்கப்பெற்ற அந்நிலையம், சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவர் பெயரால் கிங் நிலையம் என வழங்கலாயிற்று. குழந்தைகளின் கையைக் கீறி நீரெடுக்கும் கொடுமை இதனால் ஒழிந்தது.

எனினும் வெப்பம் என்னும் பகைவன் ஒழியவில்லை. பெட்டியில் பனிக்கட்டி கரைந்தால் மருந்தும் கெட்டது. உறையவைத்து உலர்த்தும் முறை வந்த பிறகே, கோடை வெயிலிலும் கெடாத மருந்து கிடைத்தது. அம்முறையில் மருந்து செய்த இந்திய நிலையங்களுள் கிண்டியும் ஒன்று. 1962-ல் நாடு தழுவிய வைசூரி ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது சோவியத் நாடும் பெருமளவில் மருந்தை நன்கொடையாகத் தந்தது. நுனி இரண்டாகப் பிளந்த சிறு ஊசி ஒன்றும் வழக்கிற்கு வந்தது. எழுதப் படிக்க அறியாதவரும் அதைச் சிறிது நேரத்தில் கையாளக் கற்றனர்.

டாடாநகர், 1974

இனி நம் ஊருக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டு இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேர் வைசூரியுற்றனர்; 31,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் நம் ஊர் சேர்ந்திருந்த பீகார் மாநிலமே மிகுதியாகத் துன்புற்றது. அப்பீகாரிலும் உலகத்தார் கண்கள் திரும்பிய இடம் நம் ஜாம்ஷெட்பூர். காரணம் யாது? வேலை தேடி நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குவியும் ஊர் இது. நோய் கண்டவுடன் சொந்த ஊரில் போய்க் கிடப்போம் என்று அவர்கள் டாடாநகர் நிலையத்தில் வண்டி ஏறினர். ஏறியவரோடு நோயும் ஏறிற்று. தொலைவிலுள்ள மாவட்டங்களிலும், பிற மாநிலங்களிலும், நேபாளத்திலும் புதிதாகத் தோன்றிய வைசூரியின் வேரைத் தேடிச் சென்றோர், மீண்டும் மீண்டும் இவ்வூர் ரயில் நிலையத்திலேயே வந்து நின்றனர்.

நான் 1973-ல் வேலைக்கென இவ்வூருக்கு வந்தவன். அந்நாள்களை நன்கு நினைவுறுவேன். ஒழிப்புப் பணிக்கு உலகச் சுகாதார நிறுவனத்தாரும் அரசினரும் வந்தனர். டாடா நிறுவனம் மருத்துவர்களையும் வண்டிகளையும் ஆட்களையும் தந்து துணைநின்றது. எல்லோருக்கும் குத்துவது என்னும் பழைய முறையை மட்டும் நம்பியிராமல், நோயாளியைத் தேடிக் கண்டு, அவரைச் சூழ இருப்போர் அனைவருக்கும் வேலிபோல் குத்துவது என்னும் முறையைக் கைக்கொண்டனர். வீடு வீடாக வந்தவர்கள் கையில் ஓர் அட்டை இருந்தது. வைசூரி கண்ட குழந்தையின் படம் அதில் இருந்தது. 'இவ்வாறு எவரையேனும் கண்டீர்களா?' என்பதே கேள்வி.

எங்கள் வரிசைக்குப் பின்னே மதிற்சுவர். சுவருக்கு அப்பால் தினக்கூலி மக்களின் குடிசைகள். அங்கே ஒரு தாய் தன் குழந்தையைக் கட்டிலுக்கடியில் மறைத்துவிட்டுக் கதவடைத்துக்கொண்டாள். அதிகாரிகள் சொன்னதும் பயன்படவில்லை. எங்கள் அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த தமிழ் அம்மையார் ஒருவர் இருந்தார், இளமையில் வைசூரி கண்டு பிழைத்தவர், முகமெங்கும் தழும்பு. அவர் அறிந்த இந்தி மிகச் சிறிது. அச்சுவரைச் சுற்றிக்கொண்டு சென்று அக்கதவின் முன் அமர்ந்தார். 'பேட்டி, எங்கள் ஊரில் மாரி, உங்கள் ஊரில் சீதளா. இரண்டு பேரும் தாய்தான். பிள்ளையைக் கொடு என்று தாய் கேட்பாளா? என் முகத்தைப் பார்' என்று அரைகுறை இந்தியில் சொன்னார். கதவு திறந்தது. குழந்தைக்கு அப்போது நோய் இல்லை, கையில் குத்தினர். அத்தாயும் கை நீட்டினாள். எல்லிஸ் துரை ஒரு நூல் எழுதிச் செய்ய முயன்றதை அவ்வம்மையார் நான்கு வாக்கியத்தில் செய்து முடித்தார் என்று பின்னாளில் நான் எண்ணியதுண்டு.

நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஏறத்தாழப் பத்துக் கோடி வீடுகளைத் திரும்பத் திரும்ப நாடிச் சென்றனர். நோயாளியைக் காட்டுவோர்க்குப் பரிசு அறிவித்தனர். அது படிப்படியாக உயர்ந்து 1,000 ரூபாய் ஆயிற்று. இந்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளி 1975 மே 17 அன்று பீகாரின் கதிஹார் மாவட்டத்துப் பச்சேரா கிராமத்தில் காணப்பட்டார். அதே மே 24 அன்று அஸ்ஸாமின் கரீம்கஞ்சு ரயில் நிலையத்தில், வங்கதேசத்திலிருந்து வந்த ஏழைப் பெண்ணொருத்தி நோயுடன் கண்டறியப்பட்டாள். அதற்குப் பின் இந்தியாவில் வைசூரி இல்லை. 1977 ஏப்ரலில் பன்னாட்டுக் குழுவினர் இதனை உறுதிசெய்தனர். 1980 மே 8 அன்று, உலகிலேயே வைசூரி ஒழிந்தது என்று உலகச் சுகாதாரப் பேரவை முழங்கியது.

ஐயமும் ஆராய்ச்சியும்

எல்லா ஊசியின் கதையும் இவ்வளவு நேரானதன்று. காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்தைப் பிரெஞ்சு நாட்டறிஞர் கால்மெட்டும் கெரானும் உருவாக்கினர். 1921-ல் அது முதன்முதல் குழந்தைக்குத் தரப்பட்டது. 1948-ல் அம்மருந்தைச் செய்யும் நிலையம் கிண்டியில் அமைந்தது. இம்மருந்தைப் பெருந்திரள் மக்களுக்குப் போடும் திட்டத்தை 1955-ல் இராஜாஜி அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எழுப்பிய வினாக்களை அரசினரும் மருத்துவரும் அன்று மறுத்தனர்.

பின்னர் 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இலட்சக்கணக்கான மக்களைக் கொண்டு பெரியதொரு சோதனை நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. இம்முடிவை எவரும் மறைக்கவில்லை. உலகம் அறிய வெளியிட்டனர். அதே சமயம், கைக்குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கிக் கொல்லும் கொடிய காசநோயினின்று இவ்வூசி காக்கிறது என்பது பிற ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆதலால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. ஐயுற்றவரை ஏசாமல் ஆராய்ந்து பார்த்து, கண்டதைக் கண்டபடி சொல்லுவதே அறிவியலின் அறம். அவ்வறத்தைக் கடைப்பிடிப்பதனாலேயே, போடுக என்று அது சொல்லும்போது நாம் நம்பலாம்.

தொண்டை அடைப்பானின் நஞ்சை முறிக்கும் பொருளை 1890-ல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் கண்டனர். 1923-ல் இராமோன் என்பார் அந்நஞ்சையே கேடற்றதாக்கித் தடுப்பு மருந்தாக்கினார். அதனோடு கக்குவான் இருமலுக்கும் இரண ஜன்னிக்கும் உரிய மருந்துகளைச் சேர்த்ததே முத்தடுப்பூசி. நம் நாட்டில் 1978-ல் தொடங்கிய விரிவான தடுப்புத் திட்டமும், 1985-ல் தொடங்கிய அனைவர்க்குமான திட்டமும் இவற்றைச் சிற்றூர்வரை கொண்டுசென்றன. கருவுற்ற தாய்க்குப் போடும் ஊசியும், தூய்மையான மகப்பேறும் கூடி, பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற இரண ஜன்னியை ஒரு பொதுநலக் கேடு என்னும் நிலையினின்று 2015-ல் நீக்கின. எட்டாம் நாளில் மறைந்த என் உடன்பிறப்பை அன்று நினைத்துக்கொண்டேன்.

இளம்பிள்ளை வாதத்தின் கதையில் தமிழகத்துக்குத் தனிப் பங்குண்டு. ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டுமருந்து தரும் முறையை வேலூரில் ஜேக்கப் ஜான் என்னும் மருத்துவ அறிஞர் நடத்திக் காட்டினார். 1994-ல் டில்லியும் 1995-ல் நாடு முழுவதும் அம்முறையை ஏற்றன. 2009-ல் 741 குழந்தைகளை முடமாக்கிய அந்நோய் 2010-ல் 42 குழந்தைகளையும், 2011-ல் ஒரே ஒரு குழந்தையையும் தாக்கியது. 2011 சனவரி 13-க்குப் பின் அந்நோயின் இயற்கைக் கிருமி எவரையும் தாக்கவில்லை; 2014 மார்ச் 27 அன்று இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது. ஓடும் ரயிலிலும், நிலையத்துப் படிகளிலும், செங்கற்சூளைகளிலும் குழந்தைகளைத் தேடிச் சொட்டுமருந்து ஊட்டியதன் பயன் அது. 1974-ல் ரயில் நோயைச் சுமந்தது; பின்னாளில் அதே ரயில் மருந்தையும் சுமந்தது.

நாம் செய்யத்தக்கது

இவையெல்லாம் பழங்கதை என்று மூடிவைக்கத் தக்கனவல்ல. தொண்டை அடைப்பான் 2016-ல் கல்வியிற் சிறந்த கேரளத்தின் மலப்புரத்திலேயே மீண்டும் தலைகாட்டியது. தட்டம்மை 2022-ல் மும்பை மாநகரில் குழந்தைகளைக் கொன்றது. தடுப்பு இல்லாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒருவர் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைத் தரவல்லவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புப் பெற்றிருந்தால்தான் எஞ்சியவரையும், ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகளையும் அந்நோய் அணுகாது.

நம்போன்று இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் ஒரு குறை எளிதில் நேர்கிறது. பிறப்பு தாய்வீட்டில், முதல் ஊசிகள் அங்கே. பிறகு இங்கே வருகிறோம். இடையில் மாற்றல் ஒன்று வரும். அட்டை எங்கோ பெட்டிக்குள் போய்விடும். ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசியை நினைவில் வைப்போர், பதினாறாம் மாதம் முதல் இருபத்துநான்காம் மாதத்துக்குள் போடவேண்டிய இரண்டாம் ஊசியை மறந்துவிடுகின்றனர். ஐந்தாறு வயதில் போடவேண்டிய முத்தடுப்பூசியும், பத்திலும் பதினாறிலும் போடவேண்டியவையும் அவ்வாறே. விடுபட்டதை அறிந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. நம் மகளிர் அணியினர் விழாவுக்குப் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு அட்டைகளையும் பார்த்துத் தருவார்களாயின், அது இவ்விழாவினும் பெரிய விழாவாகும்.

மற்றொன்று. மதிற்சுவருக்கு அப்பால் இன்றும் குடிசைகள் உள்ளன. நம் வீடுகளில் பணிபுரிவோர் அங்கிருந்தே வருகின்றனர். அவர்தம் குழந்தைகளுக்கு அட்டை உண்டா என்று கேட்பதும், அரசு மருந்தகத்துக்கு அழைத்துச் செல்ல அரைநாள் விடுப்புத் தருவதும் தருமம் என்று எண்ணற்க. அது கடன் தீர்த்தல். அம்மைப்பால் நம்மிடம் வந்து சேர்ந்தது ஏழைக் குழந்தைகளின் கைவழியேயன்றோ?

இவ்வாண்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோரின் இடக்கையைப் பாருங்கள். மேற்கையில் நாணயம் அளவிற்கு ஒரு தழும்பு இருக்கும். அது வைசூரிக்குக் குத்தியது. மேடையில் பாடும் குழந்தைகளின் கையில் அத்தழும்பு இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படாமல் செய்தவர்கள் பெயர் தெரியாத எண்ணற்ற குழந்தைகள். நம்மால் இயன்றது ஒன்றே: நம் காலத்தில், நம் ஊரில், சுவரின் இருபுறத்தும், அச்சங்கிலி அறாமல் காத்தல். நம் சங்கம் வாழ்க. நம் குழந்தைகள் எல்லோரும் வளர்க.